அன்பின் விருந்துக்கு எத்தனை பேர்?

சர்ச்சுக்குச் சமைத்துப் போடும் தொழிலில் கையைச் சுட்டுக்கொள்வது அடுப்பால் அல்ல, ஆட்களால். மலேசியாவில், கிள்ளானில் எனக்குச் சின்னதாக ஒரு கேட்டரிங். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அன்பின் விருந்து, அதுதான் எங்களுக்கு முக்கிய வரும்படி. நானும் மெதடிஸ்ட்தான், நாலு தலைமுறையாக. ஆகவே வெளியாள் வந்து குறை சொல்கிறாள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கரண்டி பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

யார் கை இது?

என்னிடம் சமைப்பவன் அலெக்ஸ். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பையன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். என் பக்கத்து வீட்டில் சுந்தரோடு குடியிருக்கிறான். சுந்தருக்குப் பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலை வேலை. இருவரும் கணவன் மனைவி மாதிரி ஒரே குடித்தனமாக வாழ்கிறார்கள். எங்கள் வீட்டு வரிசைக்கே தெரியும், யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

ஒரு சபையின் மாதர் சங்கச் செயலாளர் ருசி பார்க்க வந்தார். கோழிப் பிரட்டலைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து, சோறு கேட்டு வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டார். "யார் கை அக்கா இது? கையப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருக்கு" என்றார். நான் அலெக்ஸைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து சுந்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வந்தவன் அலெக்ஸின் நெற்றி வியர்வையைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது.

அம்மாளின் முகம் மாறிவிட்டது. என்னை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் விசாரித்தார். நான் மறைக்கவில்லை. ஆர்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆர்டர் ஆர்டர்தான் அக்கா, அத மாத்த வேணாம். சமைக்கிறது யாருன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க லா."

எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒரு ஜெபம்

சொல்லாதே என்றவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் போல. அந்த விருந்தன்று, ஹாலுக்குப் பின்னால் அலெக்ஸ் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தான். ஜெபக்குழுத் தலைவர் ஒருவர் நேராக வந்து, அவன் தலைமேல் கையை வைத்து, "இவனைப் பிடித்திருக்கும் ஆவியே, வெளியே போ" என்று கத்த ஆரம்பித்தார். முன்னால் கொதிக்கிற எண்ணெய். அலெக்ஸ் திரும்பவும் முடியாமல், நகரவும் முடியாமல், ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்தேன். "பிரதர், கைய எடுங்க. எண்ணெய் கவிழ்ந்தா ஆவி போகாது, ஆள்தான் போவான்" என்றேன். அவர் சிரித்த முகம் மாறாமல், அன்பினால்தான் செய்கிறேன் என்றார். எனக்கு இந்த அன்பைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் தடுக்கலாம். அன்பு என்று சொல்லிக்கொண்டு தலையில் கை வைப்பவரை என்ன செய்வது? ஒருவழியாகத் தள்ளாத குறையாக அனுப்பினேன். அரை மணி கழித்து அதே மனிதர் தட்டோடு வரிசையில் வந்து என் முன்னால் நின்றார்.

"என்ன சிஸ்டர், அப்பளம் எல்லாம் இப்படிக் கருகிப் போச்சு?"

பெயர் சொல்லாத சாட்சி

எங்கள் வரிசையில் அலெக்ஸ் வீட்டுக்கு அந்தப் பக்கம் ரூபி ஆன்டி. இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் வாழ்வதைப் பார்த்தால் பேரப்பிள்ளைகள் கெட்டுவிடும் என்று வேலிக்கு மேல் தகரம் அடித்தவர். ஒருநாள் காலையில் அவர் வீட்டு அங்கிள் குளியலறையில் விழுந்துவிட்டார். ஆன்டி போட்ட கூச்சலில் தகரத்தின்மேல் ஏறிக் குதித்தவன் சுந்தர். கதவை உடைத்து, அங்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் காரில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தகரத்தில் கிழிந்த அவன் முழங்கைக்கும் அங்கேயே தையல் போட்டார்கள்.

அங்கிள் பிழைத்து வந்ததற்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். சமையல் நாங்கள்தான். ஆன்டி மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே சாட்சி சொன்னார்: ஆபத்து நேரத்தில் கர்த்தர் ஒரு தூதனை அனுப்பினாராம், தூதன் கதவைத் திறந்தானாம். எல்லாரும் ஆமென் போட்டார்கள். தூதன் அந்த நேரம் கையில் கட்டோடு வெளியே எங்கள் வேனிலிருந்து சோற்றுப் பானை இறக்கிக்கொண்டிருந்தான். ஒத்தாசைக்கு வந்திருந்தான். அவன் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை. அயலானை நேசி என்று ஆண்டவர் சொன்னபோது, அவன் யாரோடு குடியிருக்கிறான் என்று விசாரித்துவிட்டு நேசி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பாயசம் கொடுக்கும் சாக்கில் ஆன்டியிடம் போய், "சுந்தர் பேரச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "சொல்லணும்னுதான் இருந்துச்சு மேரி. ஆனா அவன் பேரச் சொன்னா சாட்சியே கெட்டுப் போயிடுமே லா."

முதல் கரண்டி

அலெக்ஸின் அம்மா போன வருடம் தவறிப்போனார். அடக்கத்தன்று அவனைக் கடைசி வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். முதல் வருட நினைவு ஜெபத்துக்குச் சமைத்துத் தரும்படி அவன் அண்ணன் டேவிட் ஜெஞ்சாரோமிலிருந்து என்னைத் தேடி வந்தார். "அம்மா செய்யற அந்த ஆட்டுக்கறி வேணும் அக்கா. கெரிசிக் போட்டு வைப்பாங்க. அது அவனுக்குத்தான் வரும். அவனே சமைக்கட்டும். ஹால் பக்கம் மட்டும் வர வேணாம்."

அம்மாவுக்குச் சமைக்க மகன் வேண்டும், அம்மாவின் படத்துக்கு முன்னால் நிற்க அந்த மகன் வேண்டாம். நான் ஆர்டரே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அலெக்ஸ் என் முழங்கையைத் தொட்டான். "விடுங்க அக்கா. அம்மாவுக்குத்தானே" என்றான். மறுநாளே பாசாருக்குப் போய்த் தேங்காயை அவனே பார்த்துப் பொறுக்கி வந்தான். துருவி, பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கக்கும்வரை இடித்துக் கெரிசிக் ஆக்கினான். என்னைக் கிட்டே விடவில்லை.

அன்றைக்கு ஹாலில் பாட்டு, பிரசங்கம், ஜெபம். அம்மா எல்லாரையும் எப்படி நேசித்தார் என்று பாஸ்டர் உருகிப் பேசியதை அலெக்ஸ் பின்கட்டில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டான். அங்கிருந்து அம்மாவின் படம் தெரியாது. மாலையின் ஓரம் மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நினைவு விருந்தில் முதல் கரண்டியை இறந்தவரின் பிள்ளைகள்தான் பரிமாறுவார்கள். பாஸ்டர் ஆகாரத்துக்கு ஜெபித்து முடித்தார். சனம் தட்டோடு வரிசையில் நின்றது. டேவிட் கரண்டியை எடுக்க வந்தார். நான் கறிப் பாத்திரத்தின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு பிள்ள எங்க?" என்றேன்.

"அக்கா, அன்னைக்கே பேசினோமே" என்று பல்லைக் கடித்தார்.

"நீங்க பேசினீங்க. அவன் வராம இந்த மூடி திறக்காது."

அன்பைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய பாஸ்டர் கூரை விசிறியைப் பார்த்தார். வந்திருந்த அத்தனை பேரில் ஒருவர், ஒரே ஒருவர், அவனைக் கூப்பிடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். வரிசையின் முன்னால், வாக்கரைப் பிடித்தபடி அவர்களுடைய அத்தை நின்றிருந்தார். கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"அவனக் கூப்பிட்டுத் தொலைங்கடா. எனக்கு சுகர் இறங்குது."

அதே நாள், பின்வாசல்

ஆக, அன்பு திறக்காத மூடியைப் பசி திறந்தது. அலெக்ஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு ஈர ஏப்ரனோடு வந்தான். முதலில் அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு வந்து கரண்டியை எடுத்து அத்தைக்குப் போட்டான். வரிசை முழுவதற்கும் போட்டான். கடைசியாக டேவிட் தட்டை நீட்டினார். "அண்ணே, உப்பு சரியா இருக்கா? அம்மா வெச்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டான். டேவிட் ஒரு வாய் சாப்பிட்டார். கண் கலங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

உங்களைப் போல நானும் ஏமாந்தேன். மனசு இளகிவிட்டது என்று நினைத்து, பின்னால் போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். அலெக்ஸ் பக்கத்தில் அலசிக்கொண்டிருந்தான், வாய்க்குள் ஏதோ பாட்டு. பல நாளைக்குப் பிறகு அவன் பாடிக் கேட்கிறேன். டேவிட் காலி டப்பாக்களோடு பின்வாசலுக்கு வந்தார். குனிந்து என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மிச்சக் கறிய இந்த டப்பாவுல தாப்பாவ் பண்ணிக் குடுங்க அக்கா. அப்புறம் அவன இப்பவே கிளம்பச் சொல்லிடுங்க, குடும்ப போட்டோ எடுக்கப் போறோம்."

பாட்டு நின்றுவிட்டது. நான் டப்பாக்களை வாங்கி அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். கறிப் பாத்திரத்தை நானும் அலெக்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினோம். வீட்டுக்கு வந்து, சுந்தரையும் உட்கார வைத்து மூன்று பேரும் சாப்பிட்டோம். ருசிக்கு ஒரு குறையும் இல்லை. அலெக்ஸுக்குத்தான் இரண்டாம் வாய் இறங்கவில்லை. தட்டின்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதான், சுந்தர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். டேவிட்டின் சபையிலிருந்து எனக்கு இப்போது ஆர்டர் வருவதில்லை, வர வேண்டாம்.

மற்ற சபைகள் இன்னும் கூப்பிடுகின்றன: அன்பின் விருந்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால் எல்லாரும் சட்டென்று எண்ணிக்கை சொல்லிவிடுகிறார்கள், யாரையெல்லாம் விட்டுவிட்டு எண்ணினீர்கள் என்று கேட்டால்தான் லைன் கட்டாகிவிடுகிறது.