எனெலஸ் சிஸ்டர் கொடுக்க மறுத்த மாத்திரை

எனெலஸ் எங்கள் ந்ச்சேயு ஊர் மலையடிவார ஆஸ்பத்திரிக்கு மனநல நர்ஸாக வந்தது 1998 ஜூனில். நான் சீட்டு எழுதும் குமாஸ்தா. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்குகிற யாரிடமும் அவர் எதையும் மறைக்கமாட்டார். "முதல்ல கெட்டதுதான் வரும். வாய் காயும், தூக்கம் அமுக்கும். நல்லது மூணு வாரம் கழிச்சுத்தான் எட்டிப் பார்க்கும். நல்லாயிட்டோம்னு நிறுத்திடாதீங்க."

சைக்கிள் டாக்ஸி ஓட்டும் மசாவுகோவும் அப்படித்தான் தொடங்கினான். மனைவி இறந்தபின் சாப்பாட்டையும் பேச்சையும் விட்டிருந்தவன், இரண்டாம் மாதம் சிரித்துக்கொண்டு வந்தான்.

"சிஸ்டர், நேத்து ரெண்டு உருண்டை ந்சிமாக் களி தின்னேன்!"

"ரெண்டுதானா? அதைத் தின்னுட்டு என்னை மாதிரி குண்டம்மாவைப் பின்னால வச்சு எப்படி சைக்கிள் மிதிப்பே?"

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, கர்த்தர் தன்னைக் குணமாக்கியதாகச் சாட்சி சொன்னான். மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. சபை கைதட்டிப் பாடியது. அதன்பின் அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எனெலஸ் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னார்: "இனி ஒரு மாத்திரை முழுங்கினாலும் கடவுள் முன்னால சொன்னது பொய்யாயிடுமாம்."

நவம்பரில் அவன் அக்கா ஃபைனஸ் வந்தாள். தம்பி மறுபடி படுத்துவிட்டான்.

"மாத்திரையை எங்கிட்ட குடு சிஸ்டர். கஞ்சியில கரைச்சுக் குடுத்துடறேன். அவனுக்குத் தெரியவே வேணாம்."

"தெரியாம குடுக்கமாட்டேன் அக்கா. தெரிஞ்சா உன் கைக் கஞ்சியையும் தொடமாட்டான். நாளைக்கு நானே வந்து பேசறேன்."

"பேசு, பேசு. பேச்சா அவனை எழுப்பப் போகுது?"

மறுநாள் எனெலஸ் போய்ச் சேருமுன் அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அப்படிச் செத்தவனுக்கு அவன் சபை பாடுவதில்லை. பாட்டில்லாமல் புதைத்தோம். பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்த எனெலஸிடம் ஃபைனஸ் கேட்டாள்: "குடுத்திருக்கலாமே?"

பின்னாளிலும் கஞ்சியில் கரைக்க மாத்திரை கேட்டு வந்தவர்கள் உண்டு. யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் மட்டும் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: "சாட்சி சொல்லுங்க, வேணாங்கல. மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க."

குறித்த நாளில் யாராவது வராவிட்டால் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். ஒருமுறை, "மழை கொட்டுதே, காலையில போகக்கூடாதா?" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.