உடைந்த வெல்டிங்

கும்மிடிப்பூண்டியில் தகரக் கொட்டகை போட்டு, பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்தார் ஒரு மாஸ்டர். சட்டையெல்லாம் தீப்பொறி ஓட்டை. என்னைப் போல எட்டாவதோடு நின்றவர்தான். எனக்கும் அதே தொழில் தெரியும். யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்ற கவலையிலேயே கொட்டகை போடாமல் இருந்துவிட்டேன்.

தான் பற்றவைத்ததைத் தானே சம்மட்டியால் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஆள் எடுக்க வந்த கம்பெனி மேனேஜர் முன்னாலும் அடித்தார். உடைந்துவிட்டது. வேடிக்கை பார்க்கப் போயிருந்த எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“இன்னா மாஸ்டர், உன் பொழப்ப நீயே உடைச்சுக்கினியே?” என்றேன்.

“உடையட்டும்ணா. எங்க தப்புன்னு பசங்க சொல்லுவானுங்க பாரு,” என்று சிரித்தார்.

சொன்னார்கள். அத்தனை பேரையும் மேனேஜர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

நானாக இருந்தால் அந்தத் துண்டை மேசைக்கடியில் தள்ளியிருப்பேன். தொழிலை இருவரும் கற்றோம். அந்தச் சிரிப்பை மட்டும் அவர் எங்கே கற்றார் என்று இன்றும் வயிறு எரிகிறது.