சேம்பர் கழற்றிப் போட்ட வாரம்

இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்த பிறகும் என்னால் சகித்துக்கொள்ள முடியாத ஆள் ஒருவர் உண்டு. எண்ணெய் ஒழுகும் எஞ்சினைப் பார்த்ததும் இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுக்கிறவர். ஒழுகுகிறதா, இறுக்கு. மறுபடி ஒழுகுகிறதா, மறுபடி இறுக்கு. இறுக்க இறுக்க, இரண்டு பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற தக்கை பேக்கிங் பிதுங்கிக் கிழியும். போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்துபோகும். சொட்டிக்கொண்டிருந்தது ஊற்றத் தொடங்கும். இதைத் தடுக்க நான் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன், வகுப்பு எடுத்திருக்கிறேன், தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஒரு பயனும் இல்லை. இந்த எரிச்சலை எனக்கு முதன்முதலில் உண்டாக்கியவர் என் அப்பா.

அப்பாவிடம் ஒரு பழைய புல்டோசர் இருந்தது. அணைக்கட்டு வேலை முடிந்து ஏலம் விட்டபோது, இருந்த நிலத்தை விற்று எடுத்த வண்டி. எங்களுக்கென்று வேறு எதுவும் கிடையாது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளைச் சமன்படுத்தப் போகும். கரியாலூருக்கு மேலே மண்பாதை வெட்டப் போகும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற இரும்புத் தொட்டியை மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். அதைக் கல்லடியிலிருந்து காக்க ஒரு கனத்த அடித்தகடு இருக்க வேண்டும். எங்கள் வண்டியின் அடித்தகடு, ஏலத்துக்கு வருவதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவானின் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அதனால் மலை வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் சேம்பரில் புதிதாக ஒரு நசுங்கல் இருக்கும். அப்பா கழற்றித் தட்டி மாட்டுவார்.

மற்ற விஷயங்களில் எப்படியோ, அந்த வேலையில் அவர் தவறியதில்லை. எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடிப்பார். சேம்பரை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பார். போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் குழிந்த இடங்களை மரக்கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்குவார். காய்ந்து சுருங்கிய தக்கை பேக்கிங்கை வெந்நீரில் போட்டுப் பழைய அளவுக்கு வரவைப்பார். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்கு இது மனப்பாடம்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த வாரம் போராட்டக்காரர்கள் சாலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மரத்தைத் தள்ளக்கூடிய ஒரே வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

முதலில் வந்தவர் வருவாய் ஆய்வாளர். மோட்டார் சைக்கிளை மரக்கிளைகளுக்கு அடியில் நுழைத்து நுழைத்து வந்ததில் சட்டை கிழிந்திருந்தது.

“இன்னாய்யா, வண்டிய எடு. ரோட்ல கெடக்குற மரத்தத் தள்ளி வுட்டுட்டா நீ பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடலாம். இல்லன்னா வண்டிய நாங்களே எடுத்துகினு போறமாதிரி ஆயிடும். அப்புறம் திரும்பி வருமான்னு என்னைக் கேக்காத.”

“சேம்பர் ஒழுவுதுங்க சார். கழட்டி மாட்டிட்டு வந்துடறேன்” என்றார் அப்பா.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். மரம் வெட்டுகிற பையன்களுக்கு அவர்தான் தலைவர்.

“மாப்ள, கோடாலி புடிச்சி பசங்க கையெல்லாம் கொப்புளம். உன் வண்டி வந்தா ஒரே தள்ளு, மரம் படுத்துரும். சர்க்காரு ஆளுக்குன்னு மட்டும் வண்டிய கெளப்பிடாத. கொளுத்திப்புடுவானுங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டானுங்க.”

“தங்கச்சி வூட்டு சோத்துப் பானைய கொளுத்துவானுங்க, நீ பாத்துகினு நிப்ப. நல்ல தலைவருதாண்ணே நீ” என்றாள் அம்மா.

மாமா தலையைச் சொறிந்தார். அப்பா அவரிடமும் அதையே சொன்னார். “சேம்பர் ஒழுவுது மச்சான். மாட்டிட்டு வந்துடறேன்.”

ஒருவருக்காகக் கிளப்பினால் பறிமுதல், மற்றவருக்காகக் கிளப்பினால் நெருப்பு. இது எனக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் அது பெரியவர்கள் சமாசாரம். ஒழுகுகிற சேம்பரை முறைப்படி மாட்டுவது வேறு சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அப்பா சேம்பரைக் கழற்றினார். நான் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் செய்தது எதுவும் முறைப்படி இல்லை. கழுவவில்லை. குழிந்த ஓட்டைகளைத் தட்டவில்லை. காய்ந்த பேக்கிங்கை அப்படியே வைத்து, ஓரத்து போல்ட்டில் ஆரம்பித்து, ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, கரும்பாலை மாடு மாதிரி இழுத்தார்.

“ப்பா! நடுவுலேர்ந்து ஆரம்பிக்கணும்ப்பா!”

“நீ போய் பாடத்தப் படி.”

“பள்ளிக்கூடமே இல்லியே. அவ்ளோ இறுக்காதப்பா, பேக்கிங் பிதுங்குது பாரு!”

“பிதுங்கினா நல்லா புடிச்சிக்கும்” என்றார், எதையும் மணிக்கட்டு பலத்துக்கு மேல் இறுக்கிப் பழகாதவர்.

எண்ணெய் ஊற்றியதும் சேம்பரைச் சுற்றிலும் ஒழுகியது. அப்பா அதிர்ச்சி அடைந்தவர் போல நெற்றியில் அடித்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வண்டியைத் திட்டினார். மறுபடி கழற்றினார். இந்த முறை குளியல் சோப்பைக் குழைத்து இடுக்குகளில் பூசினார். அதுவும் ஒழுகியது. வாசல் முழுக்க எண்ணெய். கோழிகள் அதில் புரண்டு கருப்பாகத் திரிந்தன. அம்மா வாசலுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு பாட்டு விழுந்தது.

“குளிக்கிற சோப்பு வண்டிக்கு, வண்டி எண்ணெ கோழிக்கு. இனிமே நாங்க சோப்புக்கு பதிலா மண்ணுதான் தேய்ச்சிக்கணும்.”

எனக்கு அழுகையே வந்தது. ஊரில் எல்லோரும் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவருக்குத் தொழில் மறந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மறந்தவருக்கு எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன் என்றும் முடிவு செய்தேன்.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, கழற்றி வைத்திருந்த சேம்பரைக் கழுவினேன். ஓட்டை ஓட்டையாகத் தட்டிச் சமமாக்கினேன். புதுத் தக்கை பேக்கிங் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. அதை அப்பா கண்ணெடுத்தும் பார்க்காதது எனக்கு இன்னொரு எரிச்சல். அதை வெந்நீரில் ஊறவைத்தேன். சேம்பரின் அடியில் எண்ணெய் வடிக்கிற ஓட்டையை மூடும் திருகுக்கு டிரெயின் பிளக் என்று பெயர். அதன் செம்பு வாஷர் கெட்டிப்பட்டிருந்தது. அதை அம்மாவின் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அப்படிச் செய்தால் செம்பு மெத்தென்று ஆகிவிடும், சொட்டாது.

அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இத்தப் போட்டா ஒழுவாதா?”

“ஒரு சொட்டு ஒழுவாது.”

“நல்லா தெரியுமா?”

“அப்பாதான் சொல்லித் தந்தாரு. இப்ப அவருக்கே மறந்துபோச்சி.”

அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை ஆய்வாளர் வந்து நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். மாட்டி முடிக்கிறவரை நகரப்போவதில்லை என்றார். அப்பா குழாயைத் தேடினார். நான் அதற்குள் எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். சமமாக்கிய சேம்பர், ஊறிய பேக்கிங், மெத்தென்ற வாஷர் போட்ட பிளக். எந்த போல்ட் முதலில், எது அடுத்தது என்று ஆய்வாளருக்கும் சேர்த்து விளக்கினேன்.

“பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரியா இருக்குதேய்யா” என்றார் ஆய்வாளர். பாராட்டுகிற குரலில் சொல்லவில்லை. பல்வலிக்காரர் மாதிரி சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். பெருமைப்படுகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் முறைப்படி மாட்டினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, மணிக்கட்டு பலத்தில். பிளக்கைப் போட்டு எண்ணெய் ஊற்றுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் பையன்கள். வண்டி தயாராகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இன்னா மாப்ள, யாருக்கு ரெடியாவுது?”

ஆய்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்பா இரண்டு பேரையும் பார்க்காமல் போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அம்மா மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணெயில் கால் வழுக்கியது. சொம்பு உருண்டது. அவ்வளவுதான்.

“இன்னாதான்டா வேணும் உங்களுக்கு? மூணு நாளா வாசல்ல கால் வெக்க முடியல. ஒருத்தன் வந்து மரத்தத் தள்ளுன்றான், ஒருத்தன் வந்து மரத்த எடுன்றான். நடுவுல இந்தாளு மாட்றாரு, கழட்றாரு, கழட்றாரு, மாட்றாரு! எல்லாத்துக்கும் இந்தச் சனியன்தான?”

துணியிலிருந்த பிளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கையை ஓங்கி வீசினாள். தண்ணீரில் தொப்பென்று விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“அறிவு இருக்காடி உனக்கு!” என்று அப்பா கத்தினார். அவர் அப்படி அம்மாவைப் பார்த்துக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“வேற திருகு போட முடியாதாய்யா?” என்றார் ஆய்வாளர்.

“இது சீமை மரை சார். கள்ளக்குறிச்சியில கெடைக்காது. மெட்ராசுக்குத்தான் போவணும். பஸ்ஸு ஓடினா போலாம்.”

“மரத்த எடுத்தாத்தான பஸ்ஸு ஓடும்?”

“ஆமாங்க. பிளக்கு வந்தாத்தான் மரத்த எடுக்கலாம்.”

ஆய்வாளர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு நிம்மதி வந்தது. “மேல கேட்டா இத அப்படியே சொல்லிடறேன்” என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். மாமா தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உன்கிட்ட மாட்டிகினு இவன் இன்னா பாடுபடறானோ” என்று பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் மட்டும் விடவில்லை. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாள் முழுக்கக் கிணற்றைத் துழாவினேன். சாலையில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். எல்லோருக்கும் கதையை முழுசாகச் சொன்னேன். “நல்லா தேடு கண்ணு, வுடாத” என்று அம்மா வேறு அடிக்கடி வந்து உற்சாகப்படுத்தினாள். வாளிப்பிடி வந்தது. கீல் வந்தது. ஒரு தடவை, அம்மா மல்லாட்டை நிறுத்து விற்கிற கால் கிலோ எடைக்கல் வந்தது, துரு கூட ஏறாமல்.

“நல்ல எடைக்கல்லக் கெணத்துல போட்டு வெச்சிருக்க! இப்படித்தான் பொருள வெச்சிக்குவாங்களா?” என்றேன்.

“குடு, குடு” என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஆட்கள் ரம்பத்தால் அறுத்து, மாடு கட்டி இழுத்து, மரங்களை எடுத்தார்கள். பஸ் ஓடத் தொடங்கியது. அப்பா மெட்ராசுக்குப் போகவே இல்லை. கரியாலூர் வேலைக்குக் கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், சேம்பரில் பிளக் இருக்கிறது. மெத்தென்ற செம்பு வாஷரோடு.

“இது எங்கேர்ந்து வந்துச்சி?”

“வூட்ல இன்னொண்ணு இருந்துச்சி” என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேரையும் வண்டிக்கு முன்னால் நிற்க வைத்தேன். மாற்றுப் பொருள் கையிருப்பில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் உள்ளங்கை தோல் உரியக் கயிறு இழுக்க வேண்டும், இவ்வளவு அலட்சியமாக இருந்தால் நாம் எப்படி உருப்படுவோம் என்று கேட்டேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை கேட்டார்கள். அப்பா “தப்புதான் தாயே” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் கூடக் குலுங்கியது. எண்ணெய் நாற்றம் அவளுக்குக் குமட்டுகிறது என்று நினைத்து, போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.