களத்தில் கோடு போட்ட கடற்கரை வீடு

1979-ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில்தான் எங்கள் வீடு. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் பினாங்கில், கடையநல்லூர்க்காரர் ஒருவருடைய துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கப்பலேறி வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். வீட்டில் எங்களோடு இருந்தவர் அவருடைய அக்கா. நான் மைனி என்று கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான்.

சீசன் மூன்று மாதமும் எங்கள் வீடு எங்களுக்குச் சொந்தமில்லை. முன்னறை, பக்கத்து அறை, மாடி எல்லாவற்றையும் அருவிக் குளியலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுவோம். மதுரை, விருதுநகர் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மைனி அவர்களுக்குச் சமைத்துப் போடுவார். நாங்கள் எல்லோரும் அடுக்களையை ஒட்டிய ஒற்றை அறையில், காயாத துண்டுகளின் வாடையோடு முடங்கிக்கொள்வோம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பத்து வருஷம் இதே கதை. காலி அறை என்று ஒன்று இருந்தால் அதில் யாராவது வந்து புகுந்துகொள்வார்கள் என்கிற எரிச்சல் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

அந்த வருஷம் என் வீட்டுக்காரர் வருவதற்கு முன்பே அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பினாங்கில் கடலோரமாக மனை ஒன்று பேசியிருப்பதாகவும், வீடு கட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடப் போவதாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு தாளில் வீட்டுப் படம். நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்தான். மொட்டைத் தலைகளும் நெரிசலும் இல்லாமல் ஒரு கடல், அதுவும் என் வீட்டு வாசலில் என்றதும் மனசு தரையில் நிற்கவில்லை. எத்தனை தடவை அந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அதில் அடுக்களைக்குப் பக்கத்தில் பேர் எழுதாமல் சின்னதாக ஓர் அறை இருந்தது. எனக்கு உடனே சீசன்தான் ஞாபகம் வந்தது. பினாங்குக்கும் ஆள் வந்து இறங்கிவிடப் போகிறதே என்று பேனாவை எடுத்து அதைக் குறுக்கே அடித்துவிட்டேன். அவர் ஊருக்கு வந்ததும் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவரிடம் படத்தைக் காட்டி அளவு சரியா என்று கேட்டோம். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "தாள்ல பாத்தா ஒண்ணும் வெளங்காது தம்பி. களத்துல கோடு போட்டுத் தாரேன். நடந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். கட்டப்போகிற மனையில் கோடு போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். கடல் தாண்டிக் கட்டப்போகிற வீட்டுக்குத் தென்காசியில் கோடு போட்டுப் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் அடிக்கிற களம் ஒன்று சும்மா கிடந்தது. மறுநாள் காலையில் கொத்தனார் கயிறும் முளைக்குச்சியும் ஒரு சட்டி சுண்ணாம்புப் பொடியுமாக வந்தார். முதலில் அவர் கேட்டது, கடல் எந்தப் பக்கம் என்று. வடக்கே என்றார் என் வீட்டுக்காரர். களத்துக்கு வடக்கே வாழைத்தோப்பு இருந்தது. அன்றைக்கு எங்களுக்கு அதுதான் கடல். "ஏலே, கடலுக்குள்ள போவாத" என்று மைனி என் பையனை அதட்ட, எல்லோரும் சிரித்தோம்.

அரை மணி நேரத்தில் வீடு எழுந்துவிட்டது. வாசலுக்கு மட்டும் கோட்டில் இடைவெளி விட்டிருந்தார். "செவர மிதிக்காதிய, வாசல் வழியா வாங்க" என்று ஆளாளுக்குச் சத்தம் வேறு. நான் வலது காலை எடுத்து வைத்தே உள்ளே போனேன். இது பட்டாசாலை, வருகிறவர்கள் உட்கார இங்கே நாற்காலி, இது எங்கள் அறை, இது பிள்ளைகளுக்கு என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். அடுக்களையில் அடுப்பு எங்கே வரும் என்றுகூட உட்கார்ந்து பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

மைனி என் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் நின்று, "இது யாருக்கு?" என்று கேட்டார். நானும் உற்சாகமாகப் பதில் சொன்னேன். அடுக்களை வந்தது. அதற்குப் பிறகு அறை இல்லை. அவர் பின்வாசல் இடைவெளி வழியாக வெளியே போய், கொத்தனாருக்குக் கொண்டுவந்த காப்பித் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். "நல்லாருக்குட்டீ. தூத்துப் பெருக்க லேசாருக்கும்" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கொத்தனார்தான் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, அக்கா எங்கன படுப்பாவ?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மைனியே முந்திக்கொண்டு, "நான் எதுக்கு அண்ணாச்சி அங்க? நான் போய்ட்டா சீசனுக்கு வாரவியளுக்கு யாரு சோறு பொங்குதது?" என்று சிரித்தார். அதற்குள் மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கிவிட்டது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடும்போது, "கூரை போடாம குடிவந்தா இப்படித்தான்" என்றார் மைனி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு முகம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும், பேர் எழுதாத அந்த அறை யாருக்கு என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அக்காவுக்குன்னு நெனச்சுத்தான் அந்த ரூமப் போட்டேன். நீ அடிச்சிருந்த. கேக்க வாய் வரல" என்றார். அவர் மேல் கோபம் வந்தது. கேட்டிருக்க வேண்டியதுதானே? ஆனால் பேனாவைப் பிடித்த கை என்னுடையது. வேண்டாம் என்று நினைத்து நான் மைனியை விலக்கவில்லை. அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. அது இன்னும் மோசம் என்று அன்றைக்கே புரிந்தது.

மத்தியானம் கூட்டம் குறைகிற நேரத்தில் மைனியும் நானும் அருவிக்குப் போவது வழக்கம். அன்றும் ஒன்றும் நடக்காதது போல எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கூப்பிட்டார். உட்காரவைத்து என் தலையில் எண்ணெய் தேய்த்தார். பெண்கள் பக்கம் நல்ல நெரிசல். மைனி எப்போதும் போல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா, பிள்ள நிக்கட்டும்" என்று இடித்துப் பிடித்து, தண்ணீர் நன்றாக விழுகிற இடத்தில் என்னை நிறுத்தினார். தான் ஓரத்தில், தெறிக்கிற தண்ணீரில் நின்றுகொண்டார். பத்து வருஷமாக அப்படித்தான் குளித்திருக்கிறோம். அன்றைக்குத்தான் நான் அதைக் கவனித்தேன். அவரைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன். "வழுக்குதுட்டீ, விடு" என்று திட்டினார். நான் விடவில்லை.

சேலை மாற்றும்போது சொல்லிவிட்டேன். "மைனி, அந்த ரூம நாந்தான் அடிச்சேன். சீசன் ஆளு மாதிரி யாராவது வந்துருவாவன்னு நெனச்சுட்டேன். உங்கள நெனைக்கல."

ஈரச் சேலையைப் பிழிந்து உதறினார். பிறகு, "அடுக்களைப் பக்கத்துல எனக்கு வேண்டாம். காலம் பூரா பொகையத்தான பாத்தேன். கடல் பக்கமா குடு. சன்னல் பெருசா இருக்கணும்" என்றார். அவருக்கும் கடல் பார்க்க ஆசை இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு மறுபடி கோடு போட்டோம். எங்கள் அறையைக் குறுக்கி, வாழைத்தோப்பைப் பார்த்து மைனிக்கு ஓர் அறை. அவரே உள்ளே போய்க் கட்டில் எங்கே என்று காட்டினார்.

அந்த வீடு கட்டப்படவே இல்லை. வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்க அங்கே அரசாங்க அனுமதி வேண்டுமாம். இரண்டு வருஷம் அலைந்தும் கிடைக்கவில்லை. எண்பத்து மூன்றில் என் வீட்டுக்காரர் ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். நாங்கள் பழையபடி சீசனில் ஒற்றை அறையில் முடங்கினோம்.

ஆனால் வந்து தங்குகிறவர்கள் இடம் பற்றவில்லை என்று முணுமுணுத்தால் மைனி சோற்றுக் கரண்டியோடு நின்று சொல்லுவார். "எனக்கெல்லாம் பினாங்குல கடல் பாத்த ரூம் உண்டு. நானே இங்கன கெடக்கேன்." மனை கைவிட்டுப் போன பிறகும் அதை அவர் நிறுத்தவில்லை. நானும் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. "பெரிய சன்னல்" என்று எடுத்துக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

மைனி போய்ப் பல வருஷமாகிவிட்டது. கட்டாத வீட்டிலாவது அவருக்கு இடம் கொடுத்தோம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே வீட்டில் பத்து வருஷம் அவர் கையால் சாப்பிட்ட எனக்குத் தோன்றாத கேள்வி, அரை நாள் கூலிக்கு வந்த மனுஷருக்குத் தோன்றியதே என்பது இன்றைக்கும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.