திரிசூலத்துக்கு ஐந்து ரூபாய்

என் அண்ணன் முதன்முறை துபாய் போனபோது அப்பா அவனை வழியனுப்பவில்லை. விமான நிலையம் வரைக்கும் வந்தார். ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்தார். ஆனாலும் அண்ணன் உள்ளே போனதை அவர் பார்க்கவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் அவரை நிற்க வைத்துவிட்டு நாங்கள் போய்விட்டோம். நிற்க வைத்த ஆளை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் சாலையில், பஸ் மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. கரும்பு வெட்டுவது, மரவள்ளி பிடுங்குவது, எது கிடைக்கிறதோ அது. அண்ணன் ஐந்தாவதோடு நின்று கம்பி கட்டும் வேலைக்குப் போனவன். கல்லூரி வரை படித்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாடு போனால் கார் வைத்துத்தான் போக வேண்டும். வாசலில் வண்டி வந்து நிற்கும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, போகிறவனை மாலையோடு ஏற்றுவார்கள். கூடவே ஐந்தாறு பேர் ஏறுவார்கள். இது கௌரவத்துக்காக மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு நடந்து வருகிறவனைப் போலீஸ் கேட்டிலேயே மடக்கிவிடும், வண்டியில் வந்தால்தான் உள்ளே விடும் என்று ஊரே நம்பியது. அதைச் சொல்லி வைத்தவர் இரண்டு காரும் ஒரு வேனும் வைத்திருந்த டிராவல்ஸ்காரர். ஊரில் ஏர்போர்ட்டைப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும் அவர் வண்டியில் போய்ப் பார்த்தவர்கள். நடந்து போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. அப்புறம் யார் அவர் பேச்சைச் சோதிப்பது?

வாடகை முழுவதையும் முந்தின நாளே அப்பா கொடுத்துவிட்டார். அன்று காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிராவல்ஸ்காரர் கதவைத் திறந்தார்.

"நீ பின்னால போப்பா. முன்னால எங்க மச்சான் வர்றான்."

அப்பா இறங்கிக் கடைசி வரிசைக்குப் போனார். அங்கே சீட் நிறைந்திருந்ததால் அண்ணனின் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். உளுந்தூர்பேட்டை தாண்டியபோது கால் மரத்துப்போய், ஒரு கையால் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஏர்போர்ட்டில் எல்லோரும் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் டிராவல்ஸ்காரர் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "எல்லாரும் போய்ட்டா வண்டிய யாரு பாக்கறது? நீ இங்கியே வண்டிய பாத்துக்கினு இருப்பா. நாங்க போய் வுட்டுட்டு வந்துடறோம்."

அப்பா சரிங்க என்றார். நான் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேலும் இருக்கிறது, ஆனால் அது வேறு கணக்கு.

வாசலில் அண்ணனின் தோள்மேல் கைபோட்டு டிராவல்ஸ்காரர் படம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அது அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது. உள்ளே நுழைவதற்கு முன் அண்ணன் திரும்பித் திரும்பித் தேடினான். அப்பா எங்கடா என்று கேட்டான். வண்டிகிட்ட என்றேன். அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா வெயிலில் காரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நல்லபடியா போனானா என்று கேட்டார். அதற்கும் டிராவல்ஸ்காரர்தான் பதில் சொன்னார்.

அண்ணன் இரண்டு வருடம் கழித்து லீவில் வருவான், திரும்பவும் போவான். அப்போது அந்த ஆளின் வண்டி எங்கள் வாசலில் நிற்கக் கூடாது, அப்பா கண்ணாடிக் கதவு வரைக்கும் வர வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் சேர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களிடம் ஏர்போர்ட்டுக்கு வழி கேட்டேன், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. போனில் தேடினால் அது டாக்சியைத்தான் காட்டியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி மாநகரப் பேருந்தில் ஏறி, ஏர்போர்ட் என்று டிக்கெட் வாங்கினேன். ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் கொடுத்த பஸ் ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே போய் நிற்கும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அது கிண்டிக்குப் போய்விட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. படித்தவன் என்கிற நினைப்பெல்லாம் அந்த ஒரு பார்வையில் இறங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வரும்போது பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். ஏர்போர்ட்டில் தரை துடைக்கும் வேலை. விழுப்புரம் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நடந்து போனால் உள்ளே விடுவார்களா என்று அவரிடம் கேட்டேன்.

"நாங்க இன்னா கார்லியா வேலைக்கு வர்றோம்?" என்று சிரித்தார்.

அவர்தான் எனக்கு வழியைச் சொன்னார். விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில். தாம்பரத்தில் இறங்கி எலெக்ட்ரிக் ரயில். திரிசூலத்தில் இறங்கினால் சுரங்கப்பாதை, ஏறினால் ஏர்போர்ட். தாம்பரத்திலிருந்து திரிசூலத்துக்கு ஐந்து ரூபாய். இதைவிடக் கம்மியாகப் போக வேண்டுமென்றால் பறந்துதான் போக வேண்டும் என்றார். அடுத்த வாரம் அதே வழியில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வரைக்கும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் நின்றிருந்தன. ஊரிலிருந்து அங்கே வர ஒரு ஆளுக்கு நூற்றுச் சொச்சம் ஆனது. டிராவல்ஸ்காரர் ஒரு நடைக்கு வாங்கும் பணத்தில் எங்கள் தெருவே போய்த் திரும்பலாம். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு சுலபமான ஒரு பொய்யில்தான் அப்பாவைக் கட்டி வைத்திருந்தார்கள்.

அண்ணன் லீவு முடிந்து கிளம்பும் வாரம் டிராவல்ஸ்காரர் தானாகவே வீட்டுக்கு வந்தார். வண்டி எத்தனை மணிக்கு வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாங்க, பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறோம் என்றேன். அவர் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

"போங்க, போங்க. கேட்டுல புடிச்சித் தள்ளுனா எனக்குப் போன் பண்ணுங்க. வந்து இட்டுக்கினு வர்றேன்."

அண்ணனுக்கே தயக்கம். ஊர் சிரிக்கும்டா என்றான். அம்மா சூடத்தை எங்கே காட்டுவது என்று கேட்டாள். டவுன் பஸ்ஸுக்குக் காட்டு என்றேன். அவள் உண்மையிலேயே காட்டினாள். டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் பொறுமையாக வண்டியை ஏற்றினார். அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, அட்டைப்பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு. பெட்டியைவிட நான் ஒஸ்தி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

விழுப்புரத்தில் மதியப் பாசஞ்சர் கிடைத்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார், எதிரே காலை நீட்டிக்கொண்டார். திரிசூலத்தில் இறங்கி சுரங்கப்பாதையில் நுழையும்போது அப்பாவின் நடை தளர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எதுக்குப்பா என்றேன். கேப்பாங்கடா என்றார். படி ஏறினோம், சாலை ஓரமாக நடந்தோம், டிராலிகள் நிற்கும் இடத்தைத் தாண்டினோம். எதிரே வந்த ஒவ்வொரு சீருடைக்காரருக்கும் அட்டையைத் தெரிகிற மாதிரி பிடித்தார். கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட. ஒருவரும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவில் நின்ற காவலர் மட்டும் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுக் கையால் கம்பி ஓரத்தைக் காட்டினார். அங்கே எல்லோரும் நிற்கிற மாதிரி அப்பாவும் நின்றார்.

அண்ணன் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனான். திரும்பிப் பார்த்தான். இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. அவன் வரிசையில் நகர்ந்து, பெட்டியைப் போட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் அப்பா கையை உயர்த்தியபடியே நின்றார். அட்டை அந்தக் கையில்தான் இருந்தது.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே ஒரு சார்ட் தாளில் வழியைப் பெரிய எழுத்தில் எழுதி, டீக்கடையில் டிராவல்ஸ் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த ரயில், எவ்வளவு, எல்லாம். அடியில் ‘நடந்து போனால் யாரும் தடுக்க மாட்டார்கள்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மாலைக்குள் அது கிழிந்திருந்தது. மறுநாள் இரண்டு ஒட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது மலைமேல் ஏறி வெள்ளிமலை வரை போயிருக்கிறது. அங்கிருந்து ஒரு பையன் போன் செய்து, ஜீப்பில் கீழே இறங்கினால் எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று கேட்டான். அதையும் சேர்த்துப் பேசி இன்னொன்று அனுப்பினேன்.

ஒரே வருடத்தில் எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் போனவர்களில் பாதிப்பேர் ரயிலில் போனார்கள். நான் கல்லூரிக்குப் போகிற வழி வேறு. இருந்தாலும் தினமும் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு வழியாகப் போனேன். புளியமரத்தடியில் அந்தக் கார் நிற்கும். கண்ணாடியில் புளிய இலை ஒட்டியிருக்கும். நேற்றைய இலையா இன்றைய இலையா என்று பார்ப்பேன். நேற்றைய இலை என்றால் அன்றைக்குச் சோறு கொஞ்சம் ருசியாக இருக்கும். இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லை.

ஒருநாள் காலை டீக்கடையில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். டிராவல்ஸ்காரர் வந்து என் எதிரே நின்றார். முன்பெல்லாம் என்னை டேய் என்பவர்.

"ஏன் தம்பி, என் பொழப்புல மண்ண போட்டுட்டியே. வண்டி நடை போயி இருவது நாளாவுது. இப்ப நான் இன்னா பண்றது?"

இந்தக் கேள்விக்காக மூன்று வருடம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எழுந்து நின்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"வண்டிய பாத்துக்கினு இருங்கண்ணே."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் கண் அப்பாவிடம் போனது, அங்கேயே நின்றது. அப்பா தலையைக் குனியவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். டிராவல்ஸ்காரர் டீ சொல்லாமலே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும்போது அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான் செய்தது பிடிக்கவில்லையோ என்று இருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் கேட்டார்.

"புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கும் அவன் வண்டிதான போவுது? அதுக்கு எந்த பஸ்ஸுடா?"

இப்போது அந்த வழியையும் கேட்டு இன்னொரு சார்ட் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.