மார்னி தொட்ட கல்

எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவள் மார்னி டோல்ஸ்ருட். கர்ட் அவளை விட்டுப் போன டிசம்பருக்குப் பிறகு, ஊரில் அவளுக்கு நிம்மதி கிடைத்த ஒரே இடம் அந்த அறைதான். நாற்காலியில் சாய்ந்தவர்கள் வாயைத் திறந்தபடி கிடப்பார்கள். யாராலும் பேச முடியாது. வெளியே வந்தால் ஊர் விடாது. கடையில் பால் எடுக்கும்போது யாராவது தோளைத் தடவிக்கொடுப்பார்கள். சர்ச்சில் அவளுக்கும் கர்ட்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் விட்டுவைப்பார்கள். அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில், உறைந்த ஏரி ஏப்ரல்வரை உருகாத ஊர் இது. யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதால் யாரோடும் சண்டை போடவும் வழியில்லை.

ஆறு வருடம் சேர்ந்திருந்துவிட்டு கர்ட் சொன்னது இவ்வளவுதான்: "உன் மேல கோபமெல்லாம் இல்ல மார்னி. முன்ன மாதிரி இல்ல, அவ்வளவுதான்." போனவன் முழுசாகவும் போகவில்லை. சனிக்கிழமை வேட்டைக்குப் போகும்போது நாயை அவள் வீட்டில் விட்டுப் போவான். "அதுக்கு உன்னை விட்டா யார் இருக்கா?" என்பான்.

எல்லாவற்றையும்விட மோசம் புதன்கிழமை. அன்று கர்லிங். பனித்தரையில் கனமான கல்லை ஒருவர் தள்ளிவிட, அது போகிற பாதையைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே இரண்டு பேர் முன்னால் ஓட வேண்டும். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும்; ஆனால் துடைப்பம் கல்லில் படக் கூடாது. அந்தப்பக்கம் இருக்கிற வட்டத்தின் நடுவுக்கு அருகில் யார் கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எங்கள் அணியில் நாலு பேர்: கேப்டன் கர்ட், அவன் அம்மா பெவ், மார்னி, அப்புறம் நான். அக்டோபரில் பெயர் கொடுத்தால் சீசன் முடிகிறவரை மாற்ற முடியாது. ஒருவர் விலகினால் அணியே வெளியே.

ஜனவரியில் மார்னி விலகப் பார்த்தாள். பெவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் என் மகன்தான் கண்ணு, மடையனும்தான். அதுக்காக ஆட்டத்தை விட்டுடுவியா? வசந்தம் வந்தா என் முட்டியை அறுக்கப் போறாங்க. அதுக்கப்புறம் நான் எங்க ஆடப் போறேன்?"

முட்டியைக் காட்டிக் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? மார்னி தொடர்ந்தாள். கர்ட் "தேய், தேய்!" என்று பின்னால் கத்த, அவள் குனிந்து தேய்த்தாள். இந்த ஊரில் ஒரு கூட்டத்திலிருந்து விலகினால் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நானும் அந்தப் பயத்தில் சேர்ந்தவன்தான்.

மார்ச்சில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். ஜெயித்தால் மாவட்டப் போட்டி: இரண்டு மணி நேரப் பயணம், எல்லோரும் ஒரே வேனில், மூன்று நாள் ஹோட்டலில். பெவ் அறைகளைக்கூட முன்பதிவு செய்துவிட்டார். எதற்கு என்பது ஊருக்கே தெரியும். மகனையும் மார்னியையும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

ஆட்டத்துக்கு முன்னால் காலணி மாட்டும்போது மார்னி என்னிடம், "சேது, தோத்துட்டா நல்லாயிருக்கும்" என்றாள்.

"முட்டி வலின்னு சொல்லிடேன்."

"அது பெவ்வோட வலி. அதையுமா பிடுங்கிக்கணும்?"

"அப்போ நேராவே சொல்லு, வரலைன்னு."

"சொன்னேனே. ஹோட்டல்ல நீச்சல் குளம் இருக்குன்னு பதில் வந்துது."

"சரி, கொஞ்சம் மெதுவா தேய்."

அவள் என்னை ஏதோ அசிங்கத்தைச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தோக்கறதுக்காக ஆடறதா? அதைவிட அந்த வேனே மேல்."

எதிரணிக் கேப்டன் ஆரின் டால்பி, சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவர். விவாகரத்தாகி இங்கே வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு பீர் வாங்கிக்கொடுத்து எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காருவது வழக்கம். முன்பு அப்படி ஒரு மேசையில் அவர் மார்னியிடம், "நீ தேய்க்கறதைப் பார்த்தா, பழைய காதலன் வீட்டு வாசல்ல பனி வார்ற மாதிரியே இருக்கு" என்று சொன்னார். டிசம்பருக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நொடி கர்ட் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்து, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அரையிறுதி சமநிலையில் வந்து நின்றது. ஆட்டத்தின் கடைசிக் கல் எங்களுடையது; அதை கர்ட் தள்ளினான். நானும் மார்னியும் உயிரைக் கொடுத்துத் தேய்த்தோம். வட்டத்துக்குள் நுழைந்த கல் ஊர்ந்து ஊர்ந்து நட்டநடுவில் போய் நின்றது. பெவ் இரண்டு கையையும் தூக்கினார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் கத்தினார்கள். ஜெயித்துவிட்டோம்.

மார்னி கையை உயர்த்தினாள். "தொட்டுட்டேன்."

"என்னது?" என்றான் கர்ட்.

"வட்டத்துக்கு முன்னாடி. என் துடைப்பம் கல்லுல பட்டுச்சு."

பக்கத்திலேயே ஓடிய நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது; தொட்டவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, கல்லை இருக்க விடுவதா எடுப்பதா என்பது எதிரணிக் கேப்டன் கையில். லேசாகப் பட்டதென்றால் "இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவதுதான் இங்கே மரியாதை. கர்ட் அந்த நம்பிக்கையில், கை குலுக்கக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்திருந்தான்.

ஆரின் கல்லைப் பார்த்தார். மார்னியைப் பார்த்தார். இந்த ஒருத்தராவது நல்லவராக இல்லாமல் இருக்கட்டும் என்று அப்போது வேண்டிக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆரின் காலால் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளினார். வட்டத்தில் மிஞ்சியது அவர்கள் கல்; ஆட்டம் அவர்களுக்குப் போனது.

மேசையில் அன்று கலகலப்பு இல்லை. கர்ட் பீரைத் தொடவே இல்லை.

"வேணும்னே பண்ணினியா?"

"வேணும்னே பண்றதா இருந்தா முதல் கல்லுலயே பண்ணியிருப்பேனே. எதுக்கு ரெண்டு மணி நேரம் இடுப்பு ஒடியணும்?"

பெவ் ஆரின் பக்கம் திரும்பினார். "வயசானவ முட்டியை நினைச்சாவது விட்டிருக்கலாம் தம்பி."

"சட்டப்படிதான் எடுத்தேன், அம்மா."

"சட்டம்!" என்றார் பெவ், கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல். பிறகு மார்னியின் கையைத் தட்டினார். "போகட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

மார்னி கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் என் பேரைக் கொடுக்காதீங்க, பெவ். கர்ட், நாயையும் இனிமே என் வீட்டுல விடாதே."

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து ஆரினிடம் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

"எனக்காக எடுத்தீங்களா, ஜெயிக்கறதுக்காக எடுத்தீங்களா?"

ஆரின் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்தான். ஜெயிக்க எனக்கும் ஆசை இருக்காதா?"

"பொய் சொல்லாம இருந்ததுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து மாவட்டப் போட்டி. ஆரினின் அணி போய், முதல் நாளே படுதோல்வி. செய்தியோடு இன்னொன்றும் ஊருக்கு வந்தது: கண்ணாடிக்குப் பின்னால் மார்னி உட்கார்ந்திருந்தாள், தன் சொந்தக் காரில் தனியாகப் போய்.

பெவ் அவளைத் தபால் நிலையத்தில் பிடித்தார். நானும் வரிசையில் நின்றிருந்தேன்.

"வரமாட்டேன்னு தானேடி அழுத்தமா சொன்னே?"

"உங்க வேன்ல வரமாட்டேன்னு சொன்னேன்" என்றாள் மார்னி.