கணக்கில் சேராத செக்பொயின்ட்

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கிட்டிய தடுப்பூசி நிலையத்தைக் கணினியில் கண்டுபிடிப்பது என் வேலை. நான் நேர்கோட்டில் அளந்தேன்.

ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் எழுதின நிலையம் கால்வாய்க்கு அங்கால. நீந்தியே போறது? பாலத்தால போனா ரெண்டு ஆமி செக்பொயின்ட். பிள்ளையின்ர துணியையும் உதறிக் காட்டினனான். போய்ச்சேர நிலையத்தைப் பூட்டிட்டாங்கள்."

வெட்கமாக இருந்தது. நானும் தினமும் அந்தச் சாவடிகளில் கைப்பையைத் திறந்து காட்டித்தான் வேலைக்கு வந்தேன்.

அன்றே நேர்கோட்டை அழித்தேன். வழிகளை நானே நடந்து பார்த்து, நடக்கும் நிமிடங்களோடு சாவடியில் காத்துநிற்கும் நிமிடங்களையும் கூட்டி, அதையே தூரம் என்று எழுதினேன்.

மேலதிகாரி சீறினார். "தூரம் எல்லாருக்கும் ஒண்டுதானே? கணக்கில இருந்து செக்பொயின்டை எடும்."

"எடுக்கமாட்டன் சேர். முதல்ல ரோட்டில இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு, நடந்து பார்க்காத தூரத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.